சோதனைக்குக் கொடுத்த பெயர்

செவ்வாய்க்கிழமை

தம்பி சீலன், இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

மீள்குடியேறியவர்களின் பதிவுகள் அரச அலுவலகங்களில், கந்தோருக்குக் கந்தோர் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒரு பெயரைக் கேட்டால் எல்லாவற்றிலும் தேடிப் பதில் சொல்லும் இணையச் சேவைதான் என் ஆராய்ச்சி. எங்கும் பதியப்படாத ஒருவரைக் கேட்டால் அது 'இல்லை' என்று சொல்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். அதற்கு நான் கொடுத்தது, காணாமல் போன உன் பெயரை. ஒவ்வொரு நாளும் 'இல்லை' என்றே வந்தது. நிரல் சரியாக ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டேன்.

இன்று காலை, 'இருக்கிறார், தோட்டவெளி' என்று நம் ஊர்ப் பெயரோடு வந்தது.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓம், போன கிழமை கந்தோர் ஆக்கள் குடும்பப் பதிவுக்கு வந்தவை. நான்தான் அவன்ரை பேரையும் குடுத்தனான். பேர் இல்லாட்டி, வந்து எங்கையடி நிப்பான்?"

"ஆள் எங்கை எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. கடலுக்குப் போயிட்டான் எண்டனான்."

பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பிழையான பதிவு. வெள்ளிக்கிழமை ஆய்வு குடுக்க முன்னம் கந்தோருக்கு அறிவிச்சு அந்தப் பேரை எடுப்பியுங்கோ. இல்லாட்டி உங்கடை சோதனை நிக்காது" என்றார்.

கந்தோருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. சற்றுமுன் உன் பெயரை மறுபடி கேட்டேன், சோதனைக்கு அல்ல. 'இருக்கிறார்' என்றது. இன்னொரு முறையும் கேட்டேன்.

வெள்ளிக்கு முன் பதில் போடு, தம்பி.