வேனின் முகத்தில் வேப்பங்குழை

செவ்வாய், இரவு.

இன்று வந்தாறுமூலையை நெருங்கும்போது வேன் கொதித்து நின்றுவிட்டது. மாங்கேணியிலிருந்து அம்மன் சடங்குக்குப் போகும் சனங்கள் உள்ளே இருந்தார்கள். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெக்கானிக் தவராசா அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய எஞ்சின். ஹெட் கஸ்கெட் போயிருந்தால் வேனை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சூடு ஆறும்வரை அவர் ரேடியேட்டர் மூடியைத் தொட விடவில்லை. பிறகு ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். "ஒயிலுக்க தண்ணி கலக்கல்ல தம்பி. கஸ்கெட் தப்பிற்று."

ஃபேன் சுற்றியது. குழாய் எதுவும் ஒழுகவில்லை. கடைசியில் வேனின் முன்னால் போய் நின்று, முகப்பை மூடிக் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்துகளைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு குழையக் கட்டினா ரேடியேட்டருக்குக் காத்து எங்கால வாற?"

குழையை அவிழ்த்த பிறகு, சூடு காட்டும் ஊசி ஏறாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த வேப்பங்குழையைக் கட்டியவள் என் மனைவி சாந்தி. மகனுக்குக் காய்ச்சல் மாறியதற்கு அவள் அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் அது. "வேனுக்கு என்னவாம்?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நேர்த்தியை அம்மன் ஏற்கவில்லை என்று நினைத்து அழுதிருப்பாள். பழைய குழாய் ஒன்று வெடித்தது, மாற்றியாயிற்று என்றேன்.

"அம்மன்தான் காப்பாத்தியிரிக்கா" என்று கும்பிட்டாள். "நாளைக்கும் சனம் ஏத்தப் போறீங்கதானே? இன்னும் அடர்த்தியாக் கட்டித் தாறன்."

கிணற்றடியில் இரண்டு கட்டுக் குழை, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கிடக்கிறது. இரண்டும் இன்று கட்டியிருந்ததை விடப் பெரியவை.