அழிக்க மனம் வராத வீடியோ

வெள்ளவத்தை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

நான் எடிட் செய்து கொடுக்கும் கல்யாண வீடியோக்களால் கணினி நிரம்பிவிட்டது. எடிட் செய்ய வேகமான ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும், முடிந்தவற்றைச் சேமிக்கப் பாவித்த பழைய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினால் மலிவாக முடியும். நுகேகொடைச் சிங்களக் கடைக்காரர், "மல்லி, தம்பி, இந்தச் செத்தவீட்டு வீடியோதான் பெரிசு, அழிச்சால் சின்ன டிஸ்க் போதும், சல்லி மிச்சம்" என்றார். மாட்டேன் என்றேன்.

வெள்ளம் பாதையை மறித்து அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வரமுடியாமற்போன அன்று எடுத்தது அது. லண்டன் அக்காவுக்குச் சுருக்கி அனுப்பியதில் இல்லாத ஓரிடத்தில், அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடி நீங்கள் கமராக்காரரிடம் கேட்கிறீர்கள்: "தம்பி, என்ர பிள்ளை கொழும்பில இதைப் பாக்கிறானோ? அவனைச் சாப்பிடச் சொல்லுங்கோ."

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நான் சாப்பிடுகிறேன், அம்மா.

ராகுலன்