வெல்டர் அண்ணனின் நோட்டு

அன்புள்ளவளுக்கு, நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன், லாட்டரியில் விழுந்த எண்களை ஒன்பது வருடமாக நோட்டில் எழுதி, கணக்குப் போட்டுத்தான் எண் கட்டுவார். நான் விளையாட்டாக, எண்கள் எழுதிய துண்டுத்தாள்களைக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டால், விழுந்த எண்களோடு இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் பொருந்தியிருந்தது.

"குருட்டாம்போக்கும் இதுவும் ஒண்ணுதானாடா? இதை நம்பித்தானே ஊருக்கே போகாம கெடந்தேன்" என்றார்.

மறுநாள் வேலையிடத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். கால் தவறியதாகச் சொல்கிறார்கள். உயிர் இருக்கிறது, பேச்சில்லை. நான் ஒப்பிட்டுக் காட்டாமல் இருந்திருக்கலாம். நீ கவலைப்படாதே, எனக்குக் கீழ்த்தளத்தில்தான் வேலை.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கப் போனேன், அளவு சொல்லத் தெரியவில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்