கால்வீக்கம் எழுதப்படாத தாள்

தம்பிக்கு,

உன் மருந்து ஆராய்ச்சி முடிந்ததென்று உன் அத்தானிடம் கையெழுத்து வாங்கிய அன்று அறையில் இருந்தவர்கள் நீ, உன் நர்ஸ், அத்தான், நான். மேலே ஆண்டவன்.

மாத்திரை தொடங்கியபின் அவர் கால் வீங்கிய தேதிகளை என் நோட்டில் காட்டினேன். "வயசானா கால் வீங்காதா? நீ பெரிய டாக்டரா, அக்கா?" என்று சிரித்துவிட்டு, நர்ஸிடம் "குறை எதுவுமில்லைன்னு எழுதும்மா" என்றாய். அந்த மருந்துக் கம்பெனியில் உனக்குப் பங்கு இருப்பதை வீக்கம் கூடி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அவரை நேற்றுப் பார்க்க வந்த உன் மனைவிதான் பெருமையாகச் சொன்னாள். எங்களிடம் நீ மூச்சுவிடவில்லை.

நோட்டை ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் குழுவிடம் கொடுத்துவிட்டேன். இனி அக்கா என்று என் வாசலை மிதிக்காதே.

அவருக்குத் தந்தது மருந்தா, ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குத் தரும் வெறும் மாவு மாத்திரையா? அது தெரியாமல் இங்குள்ள டாக்டர் சிகிச்சையைத் தொடங்கத் தயங்குகிறார். நீ போனை எடுப்பதில்லை. இதைக் கொண்டுவருபவரிடமே பதிலை எழுதிக் கொடு.

உன்னோடு பிறந்தவள்