காற்று மாறட்டும் என்றோம்

அக்கா,

சில நாட்களாக ஊரெங்கும் சிப்பி அழுகும் நாற்றம். முத்துக்குளிப்புச் சலாபம் நடக்கிறது. முத்துச்சிப்பிகளைக் கரையில் குவித்து, சதை புழுத்துக் கரையட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் கழுவி முத்தைத் தேடுவார்கள். அம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டிருக்கிறாள். புகைக்குள் அந்த நாற்றம் இன்னும் கெட்டியாக நிற்கிறது. நீ புறப்பட்ட வாரத்திலும் வீடு இப்படித்தான் மணத்தது.

டாக்டர் படிப்பை முடித்து நீ வந்திருந்த சமயம். கொழும்பு வியாபாரி வீட்டில் உனக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டின் நடுவே, ஆண்டவர் கூப்பிடுவதாகவும், ஆப்பிரிக்காவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகவும் சொன்னாய். அப்பா கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

"ஆப்பிரிக்காவுக்கா? அங்கன நமக்கு யாருளா இருக்கா?"

"நோயாளிக இருக்காகப்பா."

அம்மாவுக்குத்தான் கோபம் முதலில் வந்தது. "காப்பி குடிச்ச டம்ளரக் கழுவத் தெரியாது. இவ போயி ஊராரு புண்ணக் கழுவுதாளாம்!"

"டம்ளர் கழுவத்தாம்மா தெரியாது. புண்ணு கழுவப் படிச்சிருக்கேன்லா."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் உன்னைக் கேட்டேன்: கூப்பிடுவது ஆண்டவர்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? புத்தகங்களில் அழைப்பைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அவற்றில் எல்லாம் ஒளி வரும், குரல் வரும். உனக்கு இரண்டும் வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்குப் பிடிக்காத எடத்துக்குல்லா கூப்பிடுதாரு. நானா நெனச்சதா இருந்தா, நல்ல எடமாப் பாத்து நெனச்சிருக்க மாட்டேனா?" பிறகு மெதுவாக, "பயமாத்தாம்ளா இருக்கு" என்றாய். அதை நீ வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நீ லாஞ்சில் ஏறி, ஆழத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குப் போன காலையில் அம்மா மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினாள். நம் தோணி ஒவ்வொன்றும் பாய் விரிக்கும்போது ஏற்றுகிற அதே விளக்கு. அது எரிகிற வரையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள், வீட்டில் இனிப்பு செய்யமாட்டாள். கரை சேர்ந்த தந்தி வந்ததும் கையால் வீசி அணைப்பாள். அணைத்த பிறகு பயப்படக்கூடாது. பயந்தால் மாதாவை நம்பாத மாதிரி. உன் தந்தி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. விளக்கை அணைத்து, பாயசம் வைத்து, அம்மா அன்றைக்குத்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

அதோடு நம் வீட்டில் உன்னைப் பற்றிய பயம் முடிந்துபோனது. உன் கடிதங்களை அப்பா சாப்பாட்டு மேசையில் உரக்க வாசிப்பார். மழை நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரே வாரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் காய்ச்சலில் போய்விட்டதாக எழுதியிருந்தாய். அடுத்த கடிதத்தில், உனக்கும் லேசான காய்ச்சல், விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு வரி. அப்பா அதையும் அதே குரலில் வாசித்துவிட்டு உப்பு விலையைப் பேசத் தொடங்கினார்.

அன்றைக்கு அம்மாவிடம், விளக்கைத் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டேன். கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "கரை சேந்தவளுக்கு வெளக்கு ஏத்துறதா? அவளத் திருப்பிக் கடல்ல தள்ளச் சொல்லுதியாளா?"

பிறகுதான் அந்த ஆஸ்பத்திரியின் மதரிடமிருந்து கடிதம் வந்தது. காய்ச்சல் உன்னை மிகவும் மெலிய வைத்துவிட்டது. வீட்டார் விரும்பினால் அடுத்த கப்பலிலேயே ஓய்வுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆனி மாதம். வெளியே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய அப்பா ஒரு தோணியோடு இதே காற்றில்தான் மூழ்கிப் போனார்.

"இந்தக் கச்சான்லயா பிள்ளையக் கப்பல்ல ஏத்துவாக? காத்து மாறட்டும். அதுவரைக்கும் அங்கனயே கட்டில்ல படுத்துக் கெடக்கட்டும். தரையில என்ன பயம்?"

அம்மா தலையாட்டினாள். கடலைப் பற்றி அப்பா சொன்னால் ஊரே கேட்கும். நம் வீட்டில் மறுத்துப் பேச யார் இருந்தார்கள்? நீயும் மறுக்கவில்லை. "நானும் தோணிக்காரர் மகள்தானே, காற்று மாறட்டும்" என்று உன்னிடமிருந்து பதில் வந்தது. எழுத்து வரியை விட்டு இறங்கிக்கொண்டே போயிருந்தது.

காற்று மாறுவதற்குள் செய்தி வந்துவிட்டது. அப்பா தந்தியைப் பிடித்தபடி நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பலு?" என்றாள். "அவ இன்னும் கப்பலே ஏறலியே," என்று தனக்குத்தானே சொன்னாள். "ஏறவே இல்லியே." அன்று முழுவதும் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. யாரும் எழுந்துபோய்க் கொக்கி போடவில்லை.

உன்னைப் புதைத்த இடத்திலிருந்து கடல் பல நாள் பயணம் என்று மதர் பிறகு எழுதினார்கள். நீ உண்மையாகவே காற்றுக்குத்தான் காத்திருந்தாயா, அல்லது அந்த நோயாளிகளை விட்டுவர மனமில்லாமல், எங்களுக்குப் புரிகிற ஒரு காரணத்தைச் சொன்னாயா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றால் நான் ஆறுதல் அடைவேன் என்பதும் தெரியவில்லை.

போன வாரம், தம்பி ஏறிப்போன தோணி மாலத்தீவு சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அம்மா விளக்கை அணைத்தாள். பாயசம் வைத்தாள். அப்பா வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தார். நானும் டம்ளரை வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுக் கேட்டேன்:

"அங்கன இப்போ என்ன காய்ச்சல் இருக்குப்பா?"

பாட்டு நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் யார் எங்கே போய்ச் சேர்ந்தாலும், அக்கா, இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.