மேலே போன பந்து திரும்பி வரும் வேகம்

என்னங்க,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வரும் முதல் கரும்பு வெட்டு இது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு போகத் தொடங்கிவிட்டது. உங்கள் டிராக்டரை உங்கள் தம்பிதான் ஓட்டுகிறார். உங்களை மாதிரி பாட்டுப் போட்டு ஊரை எழுப்புவதில்லை. நிம்மதிதான், ஆனாலும் காது தேடுகிறது.

நம் பவித்ரா பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் குரூப் எடுத்தாள். நீங்கள் ஆசைப்பட்டதுதான். போன வாரம் இயற்பியல் தேர்வில் ஒரு கணக்கு. நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து, திரும்பக் கைக்கு வரும்போது என்ன வேகத்தில் வரும்? இவள் முப்பது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

யார் சொல்லிக்கொடுத்தது தெரியுமா? நீங்கள்தான். கிளவுஸ் போடாமல் கார்க் பந்தைப் பிடித்துவிட்டு, சிவந்த கையை அவளிடம் நீட்டி, "மேல போறப்ப கம்மி, கீழ வர்றப்ப டபுளு" என்று அளப்பீர்களே, அதேதான்.

டீச்சர் தப்பு என்று விடையை அடித்ததும், "எங்கப்பா கையால புடிச்சிப் பாத்தவரு" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து, "எனக்கு இந்த குரூப்பே வேணாம்மா" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். எனக்கும் கணக்குக்கும் எட்டாம் வகுப்போடு சரி. நீங்கள் சொன்னதைத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம், கரும்பு வெட்டிய கொல்லைக்கு உங்கள் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் மேலே எறிந்தாள், நான் பிடித்தேன். சுளீர் என்றது. "அடியேய், கை போச்சிடி!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பந்தை வாங்கித் தானே எறிந்து, தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எறியறப்ப கை கீழேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா தூக்கினு போவுதும்மா. புடிக்கறப்ப படக்குனு நிறுத்துது. அதான் வலிக்குது. அப்பா வலிய வச்சி வேகத்தச் சொல்லிட்டாரு" என்றாள்.

வரப்பிலேயே உட்கார்ந்து கணக்கைப் போட்டாள். மேலே போகும்போது பூமி எவ்வளவு வேகத்தைப் பிடுங்கிக்கொள்கிறதோ, இறங்கும்போது அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறதாம். பதினைந்து வந்தது.

"அப்ப உங்கப்பா சொன்னது தப்பாடி?" என்று கேட்டேன்.

"வேகந்தாம்மா தப்பு. வலி நெசம்" என்று என் கையைப் பிடித்து ஊதிவிட்டாள்.

மறுநாள் அதே குரூப்புக்குத்தான் போனாள். நீங்கள் கவலைப்படாதீர்கள். அவள் எவ்வளவு உயரம் எறிந்தாலும் பிடிக்க நான் நிற்பேன். கை வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பவித்ராவின் அம்மா