இடதுபக்கம் வராத வண்டி

வண்டிச் சாவியில் இன்னமும் அந்தப் பல்லுப்போன பிளாஸ்டிக் சக்கரம்தான் தொங்குகிறது. இன்று காலை ஸ்கூட்டரைக் கிளப்பும்போது கையில் உரசியது. உன் வீட்டுக்குத்தான் புறப்பட்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு புதுவயல் பக்கமே நான் வரவில்லையடி. மகளைப் பறிகொடுத்த உன் அத்தாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. எத்தனை நாள்தான் சாக்குச் சொல்வது, இன்றைக்குப் போயே தீர்வது என்று கிளம்பிவிட்டேன்.

அந்தச் சக்கரம் நம் உயிரை வாங்கியதை மறந்திருக்க மாட்டாய். கல்லூரியில் கடைசி வருடம். குட்டி நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்த் தானாகவே கிட்டங்கியில் போடுகிற ரோபோ. மணி அடிப்பதற்குள் எல்லா மூட்டையும் உள்ளே போயாக வேண்டும். ஜெயித்தால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு அது வெறும் போட்டி. உனக்கு அப்படியில்லை. "எங்க ஊரு அரிசி மில்லு வாசலத் தாண்டி, வேலைக்குன்னு ஒரு நா பஸ் ஏறணும்டி" என்பாய்.

போட்டியன்று காலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான், முன்சக்கரத்தைத் திருப்புகிற மோட்டாருக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோனது தெரிந்தது. வண்டி நேரே போனது, வலதுபக்கம் திரும்பியது, இடதுபக்கம் மட்டும் வரவே இல்லை. மாற்றுச் சக்கரம் காரைக்குடியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். நீ தேற்றவில்லை, தேற்றுவதெல்லாம் உன் சுபாவத்திலேயே கிடையாது. சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தாய்.

"வரலைன்னா விடுடி. சந்துக்குள்ள லாரிய ஒடிக்க முடியலைன்னா எங்க அத்தா என்ன செய்றாக? நேராப் போயி சுத்திக்கிட்டு வாராக. வலதுபக்கமா மூணு தடவ திரும்புனா இடதுபக்கந்தானடி."

"அதுக்குள்ள மணி அடிச்சிருமேடி."

"அழுதுக்கிட்டே இருந்தா மட்டும் அடிக்காதாக்கும்?"

மாதக்கணக்காக எழுதி வைத்திருந்த பாதை முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாய். எந்த மூட்டையை முதலில் எடுத்தால் சுற்றுக் குறையும் என்பது வரைக்கும் யோசித்திருந்தாய். அந்த நிதானம் உனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். களத்தில் நம் வண்டி வலம் வந்துகொண்டே இருக்க, "டேய், சாமி கும்பிடுதுடா" என்று ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி மூட்டை உள்ளே விழுந்த பிறகுதான் மணி அடித்தது. சிரித்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஓசூருக்கு பஸ் ஏறினாய். வருடம் ஒன்று முழுதாக ஆகவில்லை, பாழாய்ப்போன காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று புதுவயலில் நுழைந்ததுமே அவித்த நெல்லின் வாடை. இடதுபக்கம் உன் தெரு வந்தது. திரும்பக் கை வரவில்லை. நேரே போய்விட்டேன். அப்படியே ஊரைத் தாண்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது சாவியில் அந்தச் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. வலதுபக்கம் திரும்பினேன். மறுபடி வலது. மறுபடியும் வலது. சாலைக்கு அந்தப்பக்கம் உன் தெரு நேரெதிரே கிடந்தது.

அத்தா வாசலில் நின்றார்.

"என்னம்மா, காரைக்குடியிலருந்து வார பிள்ள அங்குட்டு மில்லுப் பக்கமா வார?"

"இடதுபக்கம் வரலை அத்தா. சுத்திக்கிட்டு வந்தேன்."

அந்தக் கதையை நீ அவரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாய். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டேல்ல. உள்ள வாம்மா."